வலி நின்னுட்டு, சரி… கல்லு எங்க?

"வலி நின்னுட்டு அண்ணாச்சி. கல்லு போயிருக்கும்லா."

சித்திரை பிறந்துவிட்டால் திருநெல்வேலிச் சீமையில் எந்த டீக்கடை பெஞ்சிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். சொல்கிறவர் இரண்டு நாள் முன்பு நடுராத்திரியில் விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டவர். வாந்தி எடுத்து, வியர்த்து ஊற்றி, பைக்கில் நடுவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டவர். அங்கே ஒரு ஊசி, வீட்டுக்கு வந்து வாழைத்தண்டுச் சாறு இரண்டு டம்ளர். மூன்றாம் நாள் வேலைக்குக் கிளம்பிவிட்டார். சுற்றியிருப்பவர்களும் தலையாட்டுகிறார்கள். "போச்சுன்னு எப்படித் தெரியும், பாத்தியளா?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் "அதான் வலி இல்லையே" என்று பேச்சு முடிந்துவிடும். இந்தப் பதில்தான் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. கல்லடைப்பில், அதாவது சிறுநீரகத்தில் உருவான கல் மூத்திரக் குழாயில் சிக்கி அடைப்பதில், வலி நிற்பதற்கு நாலு காரணம் உண்டு. கல் மூத்திரப்பையில் விழுந்திருக்கலாம். ஊசி மருந்து வேலை செய்துகொண்டிருக்கலாம். கல் கொஞ்சம் திரும்பிப் படுத்ததில் பக்கவாட்டில் நீர் கசிய வழி கிடைத்திருக்கலாம். நாலாவது, குழாய் முழுக்க அடைபட்டு, அந்தப் பக்கத்துச் சிறுநீரகம் நீர் பிரிப்பதையே குறைத்துக்கொண்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் நாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நோயாளி சிரித்துக்கொண்டு டீ குடிப்பார்.

நாலாவது காரணத்தை நம் பக்கத்தில் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அதைப் புரிந்துகொள்ள, வலி எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

குத்துவது கல்லா?

கல் முள் முள்ளாக இருக்கும், அது குழாயைக் கிழித்துக்கொண்டு இறங்குவதால்தான் வலிக்கிறது என்பது பொதுவான எண்ணம். கால்சியம் ஆக்சலேட் கல் (கால்சியமும், கீரை போன்றவற்றில் உள்ள ஆக்சலேட் என்ற உப்பும் சேர்ந்து உறைந்தது) சொரசொரப்பானதுதான். உரசுவதில் மூத்திரத்தில் இரத்தம் கலந்து, கண்ணுக்குத் தெரிந்தோ தெரியாமலோ வருவதும் உண்மை. ஆனால் ஆளைத் தரையில் உருட்டும் வலி அந்த உரசலில் வருவதில்லை. தேங்கும் நீரின் அழுத்தத்தில் வருகிறது.

சிறுநீரகம் ஒவ்வொன்றும் சுமார் 11 செ.மீ. நீளம், 150 கிராம் எடை. முதுகுப் பக்கம் கடைசி விலா எலும்புகளின் மறைவில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் இரத்தத்திலிருந்து வடிப்பது ஏறக்குறைய 180 லிட்டர். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேன் கணக்கில் ஒன்பது கேன். அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர் போக மிச்சத்தை எல்லாம் உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அந்த இரண்டு லிட்டரைக் கீழே இறக்குவது 25 முதல் 30 செ.மீ. நீளமுள்ள ஒரு தசைக் குழாய். அதன் உள்விட்டம் 3, 4 மி.மீ.தான். மண்புழு நகர்வதுபோல் சுருங்கி விரிந்து நீரைத் தள்ளும். அந்தக் குழாயில் மூன்று இடம் இயல்பிலேயே குறுகல்: சிறுநீரகத்திலிருந்து குழாய் தொடங்கும் இடம், இடுப்பெலும்பின் விளிம்பில் பெரிய இரத்தக் குழாய்களைத் தாண்டும் இடம், மூத்திரப்பைக்குள் நுழையும் இடம். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் குறுகல். கடுகு அளவுக் கல் பெரும்பாலும் மூன்றையும் தாண்டிவிடும். மிளகு அளவு, அதாவது 5 மி.மீ. என்றால் அதிர்ஷ்டத்தையும் இடத்தையும் பொறுத்தது. கொண்டைக்கடலை அளவென்றால் தானாக வருமென்று காத்திருப்பது வீண்.

கல் சிக்கியதும் மேலே நீர் தேங்குகிறது. மடையில் கட்டை விழுந்தால் வாய்க்கால் முட்டிக்கொண்டு ஏறுவதைப்போல. சிறுநீரகத்தின் உட்பையும் அதைச் சுற்றிய உறையும் விரிந்து இழுபடுகின்றன. அந்த இழுப்புதான் வலி. சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் போகும் நரம்புகள் ஒரே முடிச்சில் சேர்வதால் கூடவே வாந்தியும் வருகிறது. வயிற்றுவலி வந்தவர் அசையாமல் சுருண்டு படுப்பார். கல் வலி வந்தவர் ஒரு இடத்தில் இருக்கமாட்டார், நடப்பார், உட்காருவார், மறுபடி உருளுவார். பழகிய நர்ஸுகள் வாசலிலேயே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். (குடல்வால் வீக்கம், வளரும் பையன்களுக்கு விதை முறுக்கிக்கொள்வது, இவையெல்லாமும் இதேபோல வேடம் போடும். அதனால் முதல் தடவை வந்த வலிக்குத் தானே பேர் வைத்துக்கொள்ளக் கூடாது. விதை முறுக்கல் என்றால் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தாக வேண்டும்.)

வலியின் இடமும் நகரும். கல் மேலே இருந்தால் முதுகும் விலாவும். நடுவில் வந்தால் வயிற்றின் பக்கவாட்டு. கீழே வந்தால் அடித்தொடை, விதை, பெண்களுக்குப் பிறப்புறுப்பின் ஓரம். மூத்திரப்பை வாசலுக்கு வந்துவிட்டால் வலி குறைந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முட்டும், சொட்டுச் சொட்டாகப் போகும், எரியும். நம்மூரில் இதற்கு "சூடு பிடிச்சிருக்கு" என்று பெயர் சொல்லி, தொப்புளில் எண்ணெய் வைத்து, பதநீரோ இளநீரோ வாங்கிக் கொடுப்பார்கள். எண்ணெய் வைப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் "சூடு" என்று பேர் வைத்ததோடு தேடல் நின்றுவிடுகிறது. உடம்பின் வெப்பம் தெர்மாமீட்டரில் எப்போதும்போல் 98 சொச்சம்தான் காட்டும். சுண்டியிருப்பது மூத்திரம்.

ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு

இனி அந்த நாலாவது காரணம். ஒரு பக்கத்துக் குழாய் முழுக்க அடைபட்டால் சிறுநீரகம் என்ன செய்யும் என்று விலங்குகளில் மணிக்கணக்கில் அளந்து பார்த்திருக்கிறார்கள். முதல் ஒன்றரை மணி நேரம் சிறுநீரகம் போராடுகிறது. புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து தனக்கு வரும் இரத்தத்தைக் கூட்டிக்கொள்கிறது. இரத்தம் கூடினால் நீர் கூடும், நீர் கூடினால் அழுத்தம் ஏறும். வலி உச்சிக்குப் போவது இந்த நேரத்தில். டைக்ளோஃபெனாக் ஊசி கல்லடைப்புக்கு அவ்வளவு நன்றாகக் கேட்பதற்கும் இதுதான் காரணம்: அது புராஸ்டாகிளாண்டினை அடக்கி, இரத்த ஓட்டத்தையும் அழுத்தத்தையும் சேர்த்தே இறக்குகிறது. (அதே காரணத்தால் ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் அந்த ஊசியை யோசித்துத்தான் போடுவார்கள். மருந்துக்கடையில் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் சாமான் இல்லை.) அடுத்த மூன்று, நாலு மணி நேரம் இரத்த ஓட்டம் குறையத் தொடங்கும், அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். ஐந்து மணி நேரம் தாண்டியதும் இரத்த ஓட்டம், அழுத்தம் இரண்டும் இறங்கும். வடிப்பது குறைகிறது, தேங்கிய நீரில் ஒரு பகுதி நிணநீர்க் குழாய்கள் வழியாகவும் சிரைகள் வழியாகவும் உடம்புக்குள்ளேயே திரும்பிப் போகிறது. மனித உடம்பில் இந்த நேரக் கணக்கு முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் போக்கு இதுதான். உறையின் இழுப்புத் தளர்கிறது, வலி அடங்குகிறது. கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஆக, ராத்திரி பதினொரு மணிக்குத் தொடங்கிய வலி விடிகாலை நாலரைக்கு நின்றது என்றால், அது கல் இறங்கிய நேரமாகவும் இருக்கலாம், சிறுநீரகம் கையை விரித்த நேரமாகவும் இருக்கலாம். வலியை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. 2018-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், வலி நின்றுபோனவர்களுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் கல் குழாயிலேயே கிடந்தது.

"ஆனா ஒண்ணுக்கு நல்லாத்தான போவுது?" என்று அடுத்த கேள்வி வரும். போகத்தான் செய்யும். இன்னொரு பக்கத்துச் சிறுநீரகம் முழு வேலையையும் எடுத்துக்கொள்கிறது. அளவு குறையாது, நிறம் மாறாது. இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடித்து வெளியேற்றும் கழிவு) பார்த்தாலும் பெரும்பாலும் இயல்பாகவோ, இம்மி கூடியோதான் இருக்கும். ஒரு சிறுநீரகத்தோடு பிறந்தவர்கள் ஆயுசு முழுக்க நன்றாக வாழ்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. முழு அடைப்பு ஒன்றிரண்டு வாரத்தைத் தாண்டினால் திரும்ப வராத சேதம் தொடங்குகிறது. மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே சதை தேய்ந்து, சிறுநீரகம் நீர் நிறைந்த வெறும் பையாகிவிடும். அரைகுறை அடைப்பென்றால் இதே கதை இன்னும் மெதுவாக நடக்கும். இரண்டு வருடம் கழித்து வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது "இடது கிட்னி வேலை செய்யல" என்று தெரியவரும் ஆட்களிடம் பழைய கதையைக் கேட்டால், பலர் ஒரு ராத்திரி வலியைச் சொல்வார்கள். "அது அப்பவே சரியாயிட்டு" என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

அவசரம் எப்போது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல் வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அடைபட்ட நீரில் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் இரத்தத்தில் ஏறி இரத்த அழுத்தத்தைக் கவிழ்த்துவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் வேகமாக. பாரசிட்டமால் போட்டுப் படுக்கிற காய்ச்சல் இல்லை இது. அன்று ராத்திரியே, கல்லைத் தொடாமல், தேங்கிய நீருக்கு மட்டும் வழி செய்வார்கள். உள்ளே டியூப் வைத்தோ, முதுகு வழியாகத் துளைத்தோ. கல்லை எடுப்பதெல்லாம் காய்ச்சல் அடங்கிய பிறகு. ஒரே சிறுநீரகம் உள்ளவர், மூத்திரமே போகாதவர், கர்ப்பிணி, தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் வாந்தி எடுப்பவர், இவர்களும் உடனே போக வேண்டியவர்கள். நெல்லைக்காரர்களுக்கு ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு வழி சொல்ல வேண்டியதில்லை.

டீ வடிகட்டியும் ஒரு மக்கும்

கல் போனதா என்று தெரிந்துகொள்ள நேரான வழி, அதைக் கையில் பிடிப்பது. வலி வந்த நாளிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒரு பிளாஸ்டிக் மக்கில் மூத்திரம் பெய்து, அதை நைலான் டீ வடிகட்டியிலோ வெள்ளை மல் துணியிலோ ஊற்ற வேண்டும். ராத்திரி எழுந்து போவதையும் விடக் கூடாது. அப்போதும் கல் நழுவிவிடலாம். வடிகட்டியில் பழுப்பாகவோ கறுப்பாகவோ சொரசொரவென்று ஒரு துணுக்கு நிற்கும். சில நேரம் நாட்டுச் சர்க்கரைக் குருணைபோல் இருக்கும், யாரும் கல் என்று நம்பமாட்டார்கள். அதைத் தண்ணீரில் அலசி, காயவைத்து, சின்ன மருந்துக் குப்பியில் போட்டு வையுங்கள். ஸ்பிரிட்டோ வேறெதுவுமோ ஊற்ற வேண்டாம். அது எந்த வகைக் கல் என்று பரிசோதனைக்கூடத்தில் பார்த்தால், அடுத்த கல்லைத் தடுக்க என்ன செய்வது என்பதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும். நூற்றுக்கு எண்பது அளவுக்குக் கால்சியம் கற்கள். மிச்சத்தில் யூரிக் அமிலம், கிருமியால் வளரும் கல், பரம்பரையாய் வரும் சிஸ்டீன் கல்.

கல் கைக்குக் கிடைக்கவில்லை என்றால் மறு ஸ்கேன்தான் சாட்சி. வலி இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்தில் ஒரு ஸ்கேன். அல்ட்ராசவுண்டுக்குப் போகும்போது ஒரு மணி நேரம் முன்பே நாலைந்து டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு போக வேண்டும். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் அதன் வாசலில் நிற்கும் கல் தெரியும். காலிப் பையோடு படுத்தவருக்கு "கல் இல்லை" என்று எழுதிக் கொடுத்து, இருந்த கல் தப்பிய கதைகள் நிறைய. குழாயின் நடுப்பகுதியைக் குடல்காற்று மறைத்துவிடும் என்பதால், அல்ட்ராசவுண்டில் "கல் தெரியல, ஆனா கிட்னி வீங்கியிருக்கு" என்று வந்தால் அதைப் பாதி நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீக்கம் இருந்தால் கீழே ஏதோ அடைக்கிறது. மருந்து ஏற்றாமல் எடுக்கும் சாதா சி.டி. அதைக் காட்டிக் கொடுக்கும். வெறும் எக்ஸ்ரேயில் யூரிக் அமிலக் கல் தெரியவே தெரியாது.

எதிர்ப்பக்கத்துத் தொந்தரவும் உண்டு. வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் "2 மி.மீ. கான்க்ரீஷன்" (கல்போன்ற படிவு) என்று ஒரு வரி இருக்கும், வீடே கலங்கிவிடும். அடைப்பும் வீக்கமும் இல்லாமல் சிறுநீரகத்துக்குள் கிடக்கும் 2 மி.மீ. புள்ளிக்கு அவசரப்பட ஒன்றும் இல்லை. பல நேரம் அது கல்லாகக்கூட இருக்காது. தண்ணீர் குடியுங்கள், வருடம் ஒருமுறை பாருங்கள்.

5 மி.மீ.க்குக் குறைந்த கற்களில் மூன்றில் இரண்டு தானாக வரும். 5 முதல் 10 மி.மீ. வரை பாதிக்குக் கொஞ்சம் குறைவு. காத்திருக்கும் கெடு நாலு வாரம், மிஞ்சினால் ஆறு. அதுவும் வலி கட்டுக்குள் இருந்து, காய்ச்சல் இல்லாமல், இடையில் ஸ்கேன் பார்த்துக்கொண்டு. குழாயின் கீழ்ப்பகுதியில் 5 மி.மீ.க்கு மேல் கல் நின்றால் டாம்சுலோசின் மாத்திரை குழாயைத் தளர்த்தி உதவக்கூடும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும் என்பதால் ராத்திரிதான் போடச் சொல்வார்கள். இந்த நாட்களில் "தண்ணி குடிச்சு அடிச்சுத் தள்ளுதேன்" என்று மணிக்கு இரண்டு லிட்டர் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அடைபட்ட வாய்க்காலில் மேலும் நீர் விட்டால் வலிதான் கூடும். கல் சீக்கிரம் இறங்கியதாகச் சோதனைகளில் தெரியவில்லை. வலிக்கிற நேரத்தில் தாகத்துக்குக் குடித்தால் போதும். பீர் குடித்தால் கல் பறந்துவிடும் என்பது குடிக்கக் காரணம் தேடுகிறவர்கள் பரப்பியது. மூத்திரம் கூடப் போகும், உண்மை. பிறகு உடம்பு வறளும், யூரிக் அமிலம் ஏறும்.

காற்றும் சுளகும்

தண்ணீர் வேலை செய்வது கல் வருவதற்கு முன்னால். மூத்திரத்தில் கால்சியமும் ஆக்சலேட்டும் எப்போதும் கரைந்தே இருக்கின்றன. நீர் குறைந்து சுண்டும்போது, கரைய இடமில்லாமல் படிகமாகின்றன. கருப்பட்டிப் பாகு ஆறும்போது ஓரத்தில் பொரியத் தொடங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். இத்தாலியின் பார்மா நகரில் போர்கி என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் 1996-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. முதல் தடவை கல் வந்த 199 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி ஐந்து வருடம் பார்த்தார்கள். குடித்தவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கும், மற்றவர்களில் 27 பேருக்கும் கல் திரும்ப வந்தது. மருந்தே இல்லாமல் பாதிக்கு மேல் குறைவு.

எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதைவிட எவ்வளவு வெளியே போகிறது என்று பார்ப்பதுதான் நம் வெயிலுக்குப் பொருந்தும். கல் வந்தவர்களுக்குக் குறி: நாளுக்கு இரண்டரை லிட்டர் மூத்திரம். ஒரே ஒரு நாள் அளந்து பாருங்கள். காலையில் முதல் மூத்திரத்தை விட்டுவிட்டு, அதன் பிறகு போவதையெல்லாம் மறுநாள் காலை முதல் மூத்திரம் வரை பாட்டில்களில் சேர்க்க வேண்டும். குளிர்ந்த இடத்தில் மேசை வேலை பார்ப்பவருக்கு மூன்று லிட்டர் குடித்தால் கணக்கு வந்துவிடும். பனை ஏறுகிறவருக்கும் செங்கல் சூளையில் நிற்பவருக்கும் ஐந்து லிட்டர்கூடப் போதாது. கடும் வேலையில் மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை போகும். வேலைக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் தெரியும்: ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் கடன்.

வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு பக்கத்தில் ஒரு தனித் தந்திரம் நடக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று, ஆனி ஆடியில் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று, வியர்வையைத் தோலிலேயே உலர்த்திவிடும். சட்டை நனையாது. "இன்னைக்கு வெக்கையே இல்ல" என்று தோன்றும், தண்ணீர் ஞாபகமும் வராது. சாயங்காலம் சட்டை முதுகில் வெள்ளை உப்புக்கோடு இருக்கும். மூத்திரம் நன்னாரி சர்பத் நிறத்தில் போகும். வைக்கோல் நிறத்துக்கு மேல் அடர்ந்தாலே குடித்தது போதவில்லை என்று அர்த்தம். (பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட அன்று நிறத்தை நம்பாதீர்கள்.)

முக்கூடல், மேலப்பாளையம், பேட்டைப் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு வேறொரு கணக்கு. மடியில் சுளகு, அதில் நனைத்த இலையும் தூளும். காத்தாடி போட்டால் தூள் பறக்கும், இலை காயும்; ஆகவே சித்திரையிலும் காற்றில்லாமல் உட்காருகிறார்கள். எழுந்தால் எண்ணிக்கை குறையும் என்று மூத்திரத்தை அடக்குகிறார்கள். அடக்குவதைத் தவிர்க்கத் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். கல்லுக்கும் கிருமிக்கும் ஒரே நேரத்தில் வாசல் திறந்து வைத்த மாதிரி. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களும் இதேதான் செய்கிறார்கள். இவர்களிடம் "நிறையத் தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போவதில் பிரயோசனம் இல்லை. போவதற்குச் சுத்தமான ஒரு கழிவறையும் எழுந்து போக ஐந்து நிமிடமும் இல்லாத இடத்தில் தண்ணீர் குடிப்பது தண்டனை. பகலில் முடியாதவர்கள் விடியக்காலை எழுந்ததும் இரண்டு டம்ளர், வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அரை லிட்டர், படுக்கும் முன் இரண்டு டம்ளர், ராத்திரி எழுந்தால் இன்னொரு டம்ளர் என்றாவது வைத்துக்கொள்ளலாம். மூத்திரம் அதிகம் சுண்டுவது ராத்திரியில்தான். இதயம் பலவீனமானவர்களும் டயாலிசிஸில் இருப்பவர்களும் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். அவர்களுக்கு அளவு டாக்டர் சொல்வது.

தாமிரபரணித் தண்ணீர் குடித்தால் கல் வராது, ராதாபுரம் திசையன்விளைப் பக்கத்துப் போர் தண்ணீர்தான் கல்லைக் கொண்டுவரும் என்ற பேச்சும் பலமாக உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடினத்தன்மை லிட்டருக்கு 300 மி.கி. உள்ள தண்ணீரில், எல்லாமே கால்சியம் என்று வைத்தாலும் 120 மி.கி. கால்சியம்தான். மூன்று லிட்டருக்கு 360. ஒன்றரை டம்ளர் பாலில் இருப்பது அவ்வளவு. அந்தக் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைக் கட்டிப்போடவும் செய்யும். உப்புக்கரிக்கும் தண்ணீரின் உண்மையான கெடுதல், வாயில் வைக்க முடியாமல் ஆட்கள் குறைவாகக் குடிப்பது. அதற்காகக் கேன் வாங்கினால் வாங்குங்கள். காருகுறிச்சி மண்பானையில் ஊற்றிவைத்தால் இன்னும் இரண்டு டம்ளர் கூட இறங்கும்.

கீரையும் தயிரும்

சாப்பாட்டில் நாம் பயப்படுவதெல்லாம் தப்பான பண்டங்களைத்தான். தக்காளி விதை கல்லாகிறது என்கிறார்கள். விதை குடலோடு போய்விடும், சிறுநீரகத்துக்கு வழியே கிடையாது. தக்காளியில் ஆக்சலேட்டும் குறைவு. பாலைக் குறைக்கிறார்கள், கல்லில் கால்சியம் இருக்கிறதே என்று. போர்கியின் குழுவே 2002-ல் இதையும் சோதித்தது. கால்சியம் குறைத்த 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பியது. கால்சியத்தை வழக்கம்போல் வைத்து உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கு. காரணம் எளிது: சாப்பாட்டுக் கால்சியம் குடலில் ஆக்சலேட்டோடு சேர்ந்து மலத்தில் போய்விடுகிறது. கால்சியம் இல்லாவிட்டால் ஆக்சலேட் தனியாக உறிஞ்சப்பட்டு மூத்திரத்துக்கு வருகிறது. கீரையும் தயிரும் சேரக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, கல் வந்தவருக்கு அது தலைகீழ். தண்டுக்கீரை, பாலக் இவற்றில் ஆக்சலேட் அதிகம். சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, தயிர்ச்சோற்றோடு சாப்பிடுங்கள். பகலில்தான், ராத்திரிக் கீரை பற்றிய சண்டைக்கு நான் வரவில்லை.

உப்புதான் பெரிய ஆள். கூடுதலாக ஆறு கிராம் உப்பு தின்றால், மூத்திரத்தில் ஏறக்குறைய 40 மி.கி. கால்சியம் கூடுகிறது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் நாலும் ஒரே தட்டில் விழுகிற ஊர் இது. எலுமிச்சை நல்லது. அதிலுள்ள சிட்ரேட் என்ற பொருள், கல்லாகும் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும். நாளுக்கு இரண்டு பழம் பிழியலாம், உப்பு போடாமல். வைட்டமின் சி மாத்திரையை மட்டும் எலுமிச்சையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 1,000 மி.கி. மாத்திரையில் ஒரு பகுதி உடம்பில் ஆக்சலேட்டாக மாறும்.

வாழைத்தண்டு? அதில் நீரும் நாரும் பொட்டாசியமும் உண்டு. கூட்டு வைத்துச் சாப்பிடலாம், சாறாகவும் குடிக்கலாம். ஆனால் குழாயில் நிற்கும் கால்சியம் ஆக்சலேட் கல்லை அது கரைக்கும் என்பதற்கு மனிதர்களில் தக்க சான்று இல்லை. மருந்தில் எளிதாகக் கரைகிற கல் ஒன்றுதான்: யூரிக் அமிலக் கல். மூத்திரத்தின் புளிப்பைக் குறைக்கும் மருந்தை அளவு பார்த்துக் கொடுத்தால் சில வாரங்களில் அது கரையும். "எனக்குக் கரைஞ்சுது" என்று ஒருவர் சொல்லும்போது அவருடைய கல் எந்த வகை, எத்தனை மி.மீ. என்று கேட்க வேண்டும். பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற சிறுபீளையும் நெருஞ்சியும் சித்த மருத்துவத்தில் கல்லடைப்புக்குச் சொல்லப்பட்டவை. சித்த மருந்துதான் வேண்டும் என்றால் பாளையங்கோட்டையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே போய் ஸ்கேனைக் காட்டி வாங்குங்கள். பேர் இல்லாத பொட்டலமும், வீடியோ பார்த்துப் பிழிந்த சாறும் வேறு சங்கதி. பிலிம்பி என்ற புளிப்புக் காயைக் கொழுப்புக் குறையச் சாறாகக் குடித்துச் சிறுநீரகம் நின்றுபோனவர்களைப் பற்றிப் பக்கத்துக் கேரளத்திலிருந்து மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் புளிப்பில் பெரும்பகுதி ஆக்சலேட்.

டியூப்

கடைசியாக ஒன்று. கல்லை லேசரால் உடைத்தாலும், அடைப்பை அவசரமாகத் திறந்தாலும், பெரும்பாலும் உள்ளே டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய டியூப் ஒன்றை வைத்து அனுப்புவார்கள். இரு முனையும் பன்றிவால்போல் சுருண்டிருக்கும். ஒன்று சிறுநீரகத்தில், மற்றது மூத்திரப்பையில். சில நாட்கள் முட்டும், எரியும், நடந்தால் இரத்தம் தெரியும். பிறகு உடம்பு பழகிவிடும். அதை எடுக்க இரண்டு, மூன்று வாரத்தில் வரச் சொல்வார்கள். எப்படியும் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் டியூப்பின் மேலேயே கல் படிந்து இறுகும். வருடக்கணக்கில் விட்டவர்களுக்கு இழுத்தால் வராது, அறுந்து துண்டாகும், ஒரு கல்லுக்கு வந்தவருக்கு மூன்று ஆபரேஷன் ஆகும். டிஸ்சார்ஜ் சீட்டில் "ஸ்டென்ட்" என்ற சொல் இருக்கிறதா என்று வீட்டில் யாராவது ஒருவர் படித்துப் பார்த்து, எடுக்க வேண்டிய தேதியைச் சுவர்க் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைக்க வேண்டும். ஏனென்றால் அந்தத் தேதி வரும்போது அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். "நாளைக்கு டியூப் எடுக்கப் போவணும்லா?" என்று வீட்டில் கேட்டால், சட்டையை மாட்டிக்கொண்டே சொல்வார்:

"வலிதான் இல்லையே, எதுக்கு?"